படத்தில் இருக்கிற கை

தலைவரே, நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் ஒன்றியத்தின் வெள்ளிவிழா மலரில் அந்தப் பொய்யை அச்சடித்து, அதற்கு ஒரு கலர்ப் படமும் போட்டிருக்கிறீர்கள்.

படத்தில் இங்கிலாந்துத் தேவாலய முற்றம் ஒன்று. நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய கற்சிலுவை. அதற்குப் பக்கத்தில் நீங்கள். நீலக் கோட்டு, கழுத்துப்பட்டி, முப்பத்திரண்டு பல். இடது ஓரத்தில் ஒரு கை ஈரத்துணியோடு சிலுவையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அந்தக் கை மணிக்கட்டுக்குச் சற்று மேலே முடிந்துவிடுகிறது. அதற்கு அங்கால் இருந்த ஆளை வெட்டிவிட்டீர்கள். கீழே எழுதியிருக்கிறீர்கள்: "பழம்பெரும் சிலுவையைத் தலைவர் தமது கரங்களால் துப்பரவு செய்தபோது."

உங்களுடைய இரண்டு கரமும் படத்திலேயே இருக்கின்றன, தலைவரே. இரண்டும் உங்கள் வயிற்றுக்கு மேல் கட்டியிருக்கின்றன. அப்படியென்றால் மூன்றாவது கை எங்கிருந்து வந்தது?

அந்தக் கையை எனக்குத் தெரியும். சுவிஸில், லுசேர்ண் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பதினொரு வருஷம் படுக்கை விரிப்பின் ஒரு முனையை அந்தக் கை பிடித்தது, மறு முனையை நான் பிடித்தேன். ஒரு நாளைக்குப் பதினாறு அறை. பெருவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். விரல் மடிப்புகளில் கழுவுகிற மருந்து பட்டு வெளுத்த திட்டுகள். மணிக்கட்டில் எப்போதும் இரண்டு ரப்பர் பாண்ட், ஒன்று சிவப்பு. வெட்டத் தெரிந்த உங்களுக்கு அந்தச் சிவப்பு ரப்பர் பாண்டை வெட்டத் தெரியவில்லை.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் சொல்லிப் புகழ்ந்தால் எழும்பிப் போய்க் கைகழுவும் தொட்டியைத் தேய்க்கத் தொடங்குகிற மனிதர். சனம் அவரைச் சுண்ணாம்பர் என்றுதான் சொல்லும். நான் அண்ணை என்றேன்.

சுவிஸ் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். தண்ணி கொதிக்கவைக்கிற கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும், குழாய் வாயில் தாடி மாதிரி வளரும். இங்கத்தைச் சனம் அதைக் கால்க் என்பார்கள். அண்ணைக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி அதுதான்.

"ஊர்க் கிணத்துத் தண்ணியிலையும் உதுதான் பிள்ளை" என்பார். "நான் அகதியெண்டு அசூல் அடிக்க வெளிக்கிட்டனான், உதுவும் எனக்குப் பின்னாலை வந்து அசூல் அடிச்சிட்டுது. எனக்கு மூண்டு தரம் மறுத்தவங்கள். உதுக்கு உடனை குடுத்திட்டாங்கள்."

ரப்பர் பாண்ட் அதற்குத்தான். வினாகிரியில் நனைத்த துணியைக் குழாய் வாயில் சுற்றி, ரப்பர் பாண்டை இறுக்கி, அரை மணித்தியாலம் விடுவார். கழற்றினால் குழாய் கல்யாணப் பொம்பிளை மாதிரி மினுங்கும். அதைப் பார்த்து அவர் சிரிக்கிற சிரிப்பைப் பார்க்க வேண்டும். முழு முகமும் சிரிக்கும், காதும் சேர்ந்து.

ஹோட்டலுக்கு வெளியேயும் இதே வருத்தம்தான். ரயிலுக்குக் காத்து நிற்கிற நேரத்தில் டிக்கெட் மெஷினின் கண்ணாடியைத் துடைப்பார். அவருக்குப் பின்னால் நிற்கிற வெள்ளைக்காரர் இவர் மெஷின் திருத்துகிற ஆள் என்று நினைத்துப் பொறுமையாக நிற்பார்கள். வீடுகளுக்கு வந்தால் இன்னும் மோசம். அண்ணை வருகிறார் என்றால் பெண்கள் கேத்திலை ஒளிப்பார்கள். நானும் ஒளித்திருக்கிறேன். என் மகளின் பிறந்தநாளுக்கு வந்தவர் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பினார்.

"ஏன் பிள்ளை சட்டியிலை தண்ணி கொதிக்குது?"

"கேத்தில் பழுது அண்ணை."

"எங்கை இருக்கு?"

"எறிஞ்சிட்டன்."

"பிள்ளை. எங்கை இருக்கு?"

உடுப்பு அலுமாரிக்குள் இருந்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். கேக் வெட்டும்போது எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணை கேத்திலோடு குசினியில் நின்று தட்டினார்.

வீடு மாறுகிறவர்களுக்கு அவர் தெய்வம். இந்த நாட்டில் வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுப்பதென்றால் எங்கள் சனத்துக்குச் சோதனை எழுதுகிற பயம். நிர்வாகத்திலிருந்து ஒரு ஆள் வருவார். அடுப்புக்குள் தலையை விடுவார், ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டுவார், ஒரு துளி ஊத்தை கண்டால் போச்சு. பக்கத்து ஊர் எம்மன்புரூக்கவில் ஒரு வீட்டைக் கையளிக்க அண்ணையை அழைத்திருந்தார்கள். வந்த ஆள் குளியலறைக் கண்ணாடியில் ஒரு புள்ளி இருக்கிறது என்றார். அண்ணை கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். பிறகு அந்த ஆளின் மூக்கிலிருந்த கண்ணாடியை மெதுவாகக் கழற்றி, தன் துணியால் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டார்.

"இப்ப பாருங்கோ" என்றார், தன்னுடைய உடைந்த ஜேர்மனில்.

புள்ளி இல்லை. அந்த ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் வீட்டுக் குளியலறைக்கு வர முடியுமா என்று கேட்டார்.

சிரிக்காதீர்கள், தலைவரே. அண்ணைக்கு ஒரு சட்டமும் இருந்தது. எந்தப் பொருளானாலும், முதலில் அது என்ன என்று பார்ப்பார். பிறகு யாருடைய கண்ணுக்கும் படாத மூலையில் ஒரே ஒரு துளி விடுவார். நூறு எண்ணுவார். நிறம் மாறவில்லை, உரியவில்லை என்றால்தான் மற்ற வேலை. ஹோட்டலில் புதிதாக வந்த ஒருத்தி பளிங்கு மேசையில் வினாகிரியை ஊற்றி அது மங்கிப் போனபோது, அவர் அழாத குறை. அந்த மேசையிடம் போய் மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன், பகிடியில்லை.

இப்போது இங்கிலாந்துக்கு வருகிறேன்.

ஊரில் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும். நீங்கள்தான் அந்த யாத்திரையை ஒழுங்கு செய்தீர்கள். லுசேர்ணிலிருந்து ஒரு பஸ், நாற்பது பேர், கப்பலில் கடலைக் கடந்து அங்கே ஒரு மாதா கோயிலுக்கு. அண்ணையின் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணை தனியாக வந்தார், என் சீட்டுக்கு முன் சீட்டு. பஸ் எல்லை தாண்ட முன்பே தன் ஜன்னலைத் துடைத்து, என் ஜன்னலையும் துடைத்துவிட்டார்.

இங்கிலாந்துக்குள் போய் இரண்டு மணித்தியாலம் ஓடியபின், ஒரு சின்னக் கிராமத்தில் பஸ் நின்றது. சாரதி சுவிஸ்காரர். சட்டப்படி நாற்பத்தைந்து நிமிடம் ஓய்வு எடுக்க வேண்டும், நாற்பத்தாறாவது நிமிடம் பஸ் வெளிக்கிடும் என்றார். தேவாலய மதிலில் வரிசையாக இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டோம். முற்றத்தில் கல்லறைகளுக்கு நடுவே அந்தச் சிலுவை நின்றது.

என்னை விட ஒன்றரை மடங்கு உயரம். நாலு பக்கமும் செதுக்கல். ஒரு பக்கத்தில் கயிறு கயிறாகப் பின்னிப் போகிறது, தொடக்கமும் தெரியாது முடிவும் தெரியாது, எங்கள் ஓலைப்பெட்டிப் பின்னல் மாதிரி. இன்னொரு பக்கத்தில் ஒரு கொடி, அதில் குருவிகள் பழம் கொத்துகின்றன. முன்பக்கத்தில் ஒரு மனிதர் நிற்கிறார், யேசுவாக இருக்கலாம், மூக்குத் தேய்ந்துவிட்டது. சிலுவையின் ஒரு கை உடைந்து போய்விட்டது. கல் முழுக்கச் சாம்பலும் செம்மஞ்சளுமாகப் பாசி பூத்திருந்தது. அந்த மனிதரின் நெற்றியிலிருந்து தாடி வரைக்கும், மன்னிக்க வேண்டும், பறவை எச்சம்.

அண்ணை புட்டை வைத்துவிட்டு எழும்பினார்.

ஆனால் தொடவில்லை, தலைவரே. இதைக் கவனித்து வாசியுங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். சுரண்டவில்லை, தடவவில்லை. அவருடைய வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்ன அண்ணை, இவ்வளவு ஊத்தை, பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று சீண்டினேன்.

"உது ஊத்தை இல்லைப் பிள்ளை. உவை குடியிருக்கினம்." பாசியைக் காட்டினார். "எத்தினை நூறு வருஷமோ. நிரந்தரமா இருக்கச் சி பெர்மிட் வைச்சிருக்கிற ஆக்கள். எழுப்பக்கூடாது."

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, சிலுவைக்குப் பக்கத்தில் நின்று, படம் எடுக்கிற பையனைக் கூப்பிட்டீர்கள். பிறகு யேசுவின் முகத்தைப் பார்த்தீர்கள்.

"சுண்ணாம்பண்ணை, உந்த எச்சத்தை ஒருக்காத் துடைச்சு விடுங்கோ. படத்துக்கு வடிவா இருக்காது."

"ஆரையும் கேக்க வேணும் தலைவர். உது அவையின்ரை."

"பத்து நிமிசந்தான் இருக்கு. நான் சொல்லுறன், துடையுங்கோ. இந்தாங்கோ." பஸ் கழிவறையிலிருந்த மருந்துப் போத்தலை நீட்டினீர்கள்.

அண்ணை அதை வாங்கி மூடியை இறுக்கி நிலத்தில் வைத்தார். "உதை அடிச்சா மூக்கு மட்டுமில்லை, முகமே போயிடும். மணல் கல்லு இது."

தன் தண்ணிப் போத்தலை எடுத்தார். சிலுவையின் அடியில், புல் மூடிய மூலையில், ஒரே ஒரு துளி. நூறு எண்ணினார், வாய்விட்டு. பிள்ளைகள் சேர்ந்து எண்ணினார்கள். பிறகு நெற்றியில் ஈரத்துணியை ஒற்றி ஒற்றி, குழந்தைக்கு மூக்குத் துடைப்பது மாதிரி எச்சத்தை எடுத்தார். பாசியில் ஒரு பொட்டுக்கூடக் கழலவில்லை. அந்த நேரத்தில் எடுத்ததுதான் உங்களுடைய படம்.

அடுத்த நிமிடம் ஒரு வெள்ளைக்காரி வந்தார். எழுபது வயது, முழங்கால் வரைக்கும் ரப்பர் சப்பாத்து, கையில் ஒரு நாய். அந்தத் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிறவர். தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். என்ன செய்கிறாய் என்று அவர் கேட்டது எனக்கு விளங்கியது. அண்ணைக்கு விளங்கவில்லை. அவருக்குத் தெரிந்த இங்கிலிஷ் ஒரே ஒரு சொல், ஒரு நாளைக்குப் பதினாறு கதவில் தட்டிச் சொல்கிற சொல். நிமிர்ந்து நின்று, துணியை மார்போடு பிடித்து, மரியாதையாகச் சொன்னார்:

"ஹவுஸ்கீப்பிங்."

அந்த மனுசி திகைத்துப் போய் உங்களைப் பார்த்தார். நீங்கள் இங்கிலிஷ் படித்தவர். "இவர் எங்களுடைய ஆள் இல்லை, எங்களுக்கு இவரைத் தெரியாது" என்றீர்கள்.

நாற்பது தமிழர் மதிலில் இருந்து புட்டுச் சாப்பிடுகிறோம். சிலுவையடியில் ஒரு தமிழர் நிற்கிறார். அவரைத் தெரியாது என்கிறீர்கள். அப்ப அவர் என்ன, கல்லறைக்குள்ளால் முளைத்தவரா?

எங்களைப் பஸ்ஸில் ஏறச் சொல்லித் துரத்தினீர்கள். அந்த மனுசி அண்ணையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கல்லைக் கிட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாரதி எல்லோரும் இருக்கிறீர்களா என்று கேட்டார். "எல்லாரும் இருக்கினம்" என்று ஜேர்மனில் சொன்னீர்கள். அது இரண்டாவது தரம். பஸ் ஓடத் தொடங்கிக் கால் மணித்தியாலத்தில் அண்ணையின் மனைவி உங்களுக்குப் போன் எடுத்தா. அண்ணையின் போன் அவருடைய பையோடு பஸ்ஸில் அடித்துக்கொண்டிருந்தது. "அவர் டொய்லெட்டிலை நிக்கிறார் அக்கா" என்றீர்கள். மூன்று.

மூன்று தரம் மறுத்தால் கூவ வேண்டிய சேவல் கூவவில்லை. ஜன்னலால் பார்த்தேன், வயலில் நீண்ட வாலுள்ள கோழி மாதிரி ஒரு பறவை ஓடியது. அதுவும் வாயைத் திறக்கவில்லை. என்னைப் போல.

ஓம், நானும்தான். எனக்கு முன் சீட்டு வெறுமையாக இருந்தது. ஆறு மணிப் பூசையைத் தவறவிடக்கூடாது, நாற்பது பேருடைய யாத்திரை, மனுசி பொலிசைக் கூப்பிட்டால் என்ன செய்வது, நீங்கள் ஏதோ ஒழுங்கு செய்திருப்பீர்கள், இப்படி எல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பதினொரு வருஷம் விரிப்பின் மறு முனையைப் பிடித்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் துடைத்துத் தந்த ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தேன்.

கடவுள் பகிடிக்காரர். பஸ் ஒழுங்கை மாறிப் போய் ஒரு பாலத்துக்கு முன்னால் நின்றது. பஸ் உயரம், பாலம் தாழ்வு. பின்னுக்கு எடுக்கவே ஒரு மணித்தியாலம். பூசை முடிகிற நேரத்துக்குத்தான் மாதா கோயில் வாசலுக்குப் போனோம். வாசலில் ஒரு சின்னச் சிவப்புக் கார். காருக்குப் பக்கத்தில் அண்ணை. அண்ணையின் கையில் நாய்.

"என்ன தலைவர், பிந்திப் போச்சே?" என்றார்.

பஸ் முழுக்க வெடித்துச் சிரித்தது. சாரதியும் சிரித்தார், தலையில் அடித்துக்கொண்டு. நீங்கள்? நீங்கள் இறங்கி ஓடிப் போய் அண்ணையின் தோளில் கையைப் போட்டு, அந்த மனுசியிடம் இங்கிலிஷில் "எங்களுடைய ஆள்! எங்களுடைய ஆள்!" என்றீர்கள். அந்த மனுசி உங்களைப் பார்த்த பார்வையைப் படம் எடுக்க அந்த நேரம் பையன் இல்லாமல் போய்விட்டான்.

நடந்ததை அண்ணை எனக்குச் சொன்னது அடுத்த கிழமை, ஹோட்டல் உடுப்பு அறையில். அந்த மனுசி கல்லை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாராம். பாசியைத் தொட்டுப் பார்த்தாராம். நிலத்தில் திறக்காமல் கிடந்த மருந்துப் போத்தலை எடுத்துப் பார்த்தாராம். பிறகு கத்துவதை விட்டுவிட்டு, தேத்தண்ணி குடிக்க வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாராம்.

"கோவம் வரேல்லையோ அண்ணை? விட்டிட்டு வந்திட்டம்" என்றேன். மன்னிப்புக் கேட்காமல் விரிப்பின் என் முனையை எடுத்தேன்.

விரிப்பை உதறினார். "கோவம் வந்ததுதான் பிள்ளை. ஏன் வராது? நீயும் பஸ்ஸிலைதானே இருந்தனி." எனக்குக் கண் கலங்கியது. அவருடைய முகம் மெல்ல மெல்ல விரிந்தது. காதும் சேர்ந்து சிரிக்கத் தொடங்கியது. "ஆனா பிள்ளை, அவவின்ரை கேத்திலை நீ பாத்திருக்க வேணும்!"

முப்பது வருஷச் சுண்ணாம்பாம். உள்ளே மலையும் குகையுமாக. அந்த வீட்டு அலுமாரியில் வினாகிரி இருந்ததாம். அரை மணித்தியாலத்தில் கேத்தில் கண்ணாடி மாதிரி வந்ததும், அந்த மனுசி அதற்குள் தன் முகத்தைப் பார்த்துவிட்டு ஓவென்று சிரித்தாராம். அதற்குப் பிறகுதான், அண்ணையின் சட்டைப் பையிலிருந்த யாத்திரை நோட்டீஸில் மாதா கோயிலின் பெயரைப் பார்த்துவிட்டு, கார்த் திறப்பை எடுத்தாராம்.

ஒவ்வொரு நத்தாருக்கும் அந்த மனுசியிடமிருந்து ஒரு கார்ட் வரும். சிலுவையின் படம் ஒட்டியிருக்கும், யேசுவின் நெற்றியில் புது எச்சத்தோடு. "அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்" என்று எழுதியிருப்பார். நான் வாசித்துச் சொல்ல வேண்டும். அண்ணை பதிலுக்கு ஒரு பொதி கால்க் எடுக்கிற தூள் அனுப்புவார். வெள்ளைத் தூள், தமிழர், இங்கிலாந்து. தபால்கந்தோர்ப் பெட்டை இது என்ன என்று கேட்டாளாம். விளங்கப்படுத்த அவளுடைய குசினிக் குழாயைப் பற்றி விசாரித்தாராம். வரிசை வாசல் வரைக்கும் நின்றதாம்.

அண்ணை கண்ணை மூடி இரண்டு வருஷம். வெள்ளிவிழா மலர் வந்த அன்றைக்கு அவருடைய மனைவி என்னைக் கூப்பிட்டா. முப்பத்தோராம் பக்கத்தை விரித்து மேசையில் வைத்திருந்தா. அந்தக் கையின் மேல் விரலை வைத்தா.

"இது இவரின்ரை கைதானே?"

"ஓம் அக்கா."

"சிவப்பு ரப்பர் பாண்ட் நான் குடுத்தது. கறிவேப்பிலைக் கட்டிலை வந்தது." கொஞ்ச நேரம் சிரித்தா. பிறகு கேட்டா: "ஆள் எங்கை பிள்ளை? மிச்ச ஆள் எங்கை? அண்டைக்கும் டொய்லெட்டிலை எண்டவர் தலைவர். இண்டைக்கும் அங்கைதான் நிக்கிறாரோ?"

அந்தக் கேள்வியை உங்களிடம் அனுப்புகிறேன், தலைவரே. பதில் உங்களிடம் இருக்கும்.

வருகிற மாதா திருநாளுக்குப் பூசை முடிந்து மண்டபத்தில் நீங்கள் உரையாற்றுவீர்கள் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. அந்த நானூறு பேருக்கு முன்னால் முதலில் நான் எழும்புவேன். பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான் என்று சொல்வேன். அவருடைய மனைவி முன் வரிசையில் இருப்பா, மலரை விரித்து மடியில் வைத்துக்கொண்டு. மைக்கை நானே நன்றாகத் துடைத்து உங்கள் கையில் தருவேன். உரையைப் பிறகு பார்க்கலாம். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: படத்தில் இருக்கிற கை யாருடைய கை?